"பண்ணிடலாம் சார்": வசீகரமான ஒரு பையனை வைத்து முதல் நகைச்சுவை நாவல் எழுதப் போகிறவர்களுக்கு

முதல் நாவலே நகைச்சுவை நாவலாக இருக்கட்டும் என்று உட்காருகிறவர்களில் பலர் கையில் ஒரு கட்டு சம்பவங்களோடு வருகிறார்கள். நேர்காணலில் உளறியது, வாடகை அறையில் நண்பன் அடித்த கூத்து, மேலாளரிடம் மாட்டிக்கொண்ட நாள். நண்பர்களிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள், எழுதினாலும் சிரிப்பார்கள் என்ற நம்பிக்கை. என் முதல் கைப்பிரதியை நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாற்பதாவது பக்கத்தில் சம்பவங்கள் தீர்ந்துவிட்டன. அவற்றுக்கு நடுவில் நின்ற பையன் யார் என்று எனக்கே தெரியவில்லை. நண்பர்கள் சிரித்தது என்னைத் தெரிந்ததால். வாசகருக்கு அந்தப் பையனைத் தெரியாது.

அதனால் முதலில் ஆள், அதற்குப் பிறகுதான் சம்பவம்.

தொடங்கும் முன் ஒரு பழைய சூத்திரத்தை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளச் சொல்வேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அதில் முதலாவதே நகை, அதாவது சிரிப்பு. அந்த நகை எங்கிருந்து பிறக்கிறது என்றால் நான்கு இடங்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இளமை என்ற சொல்லைக் கவனியுங்கள். இளமையாக இருப்பதே சிரிப்புக்கு ஒரு காரணம் என்று ஒரு இலக்கண நூல் எழுதிவைத்திருக்கிறது. பேதைமை அறியாமை. மடன் என்பதற்கு, சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரைகள் பொருள் சொல்கின்றன. இந்த மூன்றும் வாழ்க்கையைத் தொடங்கும் எந்தப் பையனிடமும் தாராளமாகக் கிடைக்கும். எள்ளல் மட்டும் வெளியிலிருந்து வருவது. யாரோ ஒருவர் இன்னொருவரைக் கீழே வைத்துப் பார்ப்பது. இந்த வகை நாவலில் அதை உப்பைப்போல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாயகனை நீங்களே எள்ளினால், முந்நூறு பக்கம் அவனோடு நடக்க வாசகருக்கு மனம் வராது.

முதல் படி: வசீகரத்துக்கு ஒரு வாக்கியம்

"அவன் பேச்சில் ஒரு வசீகரம் இருந்தது" என்று எழுதினால் யாரும் வசீகரப்படமாட்டார்கள். அழகும் சாமர்த்தியமும் வேறு விஷயங்கள். ஒருவன் பக்கத்தில் இருக்கும்போது மற்றவர்களுக்குத் தங்களையே கொஞ்சம் பிடித்துப்போகிறதே, அதுதான் வசீகரம். எனவே அதை அவன் முகத்தில் தேடாதீர்கள், மற்றவர்கள் செய்யும் காரியத்தில் காட்டுங்கள். அரை நிமிடத்தில் எழுந்துவிட வேண்டியவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார். யாருக்கும் இரவல் தராதவர் தன் பேனாவைத் தந்துவிட்டு, திரும்பக் கேட்க மறக்கிறார்.

பிறகு அந்த வசீகரத்தை ஒரே ஒரு பழக்கமாகச் சுருக்குங்கள். ஒருமுறை கேட்ட பெயரை மறக்காதவன். எதிரில் இருப்பவர் தேடும் சொல்லை எடுத்துக் கொடுப்பவன். யார் எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்று சொல்பவன். இந்தக் கட்டுரைக்கு நான் கடைசியாகச் சொன்ன பையனை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பழக்கத்துக்கு விலை போடுங்கள். ஒரு தாளில் இரண்டு வரி: "இவனால் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாரும் இவனை விரும்புகிறார்கள். அதனாலேயே எல்லாரும் இவனால் ஏமாறப்போகிறார்கள்." குணம் ஒன்று, குறை வேறொன்று என்று தனித்தனியாக வைக்காதீர்கள். சோம்பேறித்தனம், மறதி, குடி என்று வெளியிலிருந்து ஒட்டிய குறைகள் கதையின் நடுவில் உதிர்ந்துவிடும். எந்தக் காரணத்துக்காக நாம் அவனை விரும்புகிறோமோ அதே காரணம்தான் அவனைப் பள்ளத்தில் தள்ள வேண்டும். இந்த இரண்டு வரி கிடைக்கும்வரை நாவலைத் தொடாதீர்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் பின்னால் மூன்று மாதத்தை மிச்சப்படுத்தியது.

இரண்டாம் படி: காலத்துக்கு வேலி

வயது வந்த வாழ்க்கை முழுவதையும் எழுத வேண்டாம். வேலையில் தகுதிகாண் பருவம் என்று ஒன்று இருக்கிறதே, அந்த ஆறு மாதம் போதும். முடிவில் நிரந்தரமா, வீட்டுக்கா என்ற கேள்வி தானாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்துக்குள் வரும் "முதல்"களை எழுதிப் பாருங்கள்: முதல் அறை, முதல் சம்பளம், தனியாகப் படுத்துக் கிடந்த முதல் காய்ச்சல், முதல் கடன், படிக்காமல் போட்ட முதல் கையெழுத்து, வீட்டாரிடம் மறைத்த முதல் செய்தி. பட்டியல் நீளும். அதில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். காதல் கட்டாயம் இல்லை.

மூன்றாம் படி: ஒரு வாக்குறுதி, அதன் வால்

நகைச்சுவை நாவலை இழுத்துக்கொண்டு போவது சங்கிலி. நாயகன் ஒரு சிக்கலிலிருந்து வெளியே வரக் கண்டுபிடிக்கும் வழியே அடுத்த சிக்கலுக்கு வாசல். எப்படிக் கட்டுவது என்று நம் பையனை வைத்தே பார்ப்போம்.

நேர்காணலில் கேட்கிறார்கள்: "இந்தக் கணக்கு மென்பொருள் தெரியுமா?" தெரியாது. "பண்ணிடலாம் சார்." வேலை கிடைக்கிறது. அதனால் இரவோடு இரவாக அதைக் கற்க வேண்டும். பக்கத்து மேசைக்காரன் சொல்லித்தரச் சம்மதிக்கிறான். ஆனால் அவனுக்குத் தன் டிரம்ஸை வைத்துப் பழக ஓர் இடம் வேண்டும். "என் அறையில பண்ணிடலாம்." ஆனால் வீட்டுக்காரர் அறையைக் கொடுத்ததே சத்தம் வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில். அதனால் சத்தம் கேட்டு அவர் படியேறி வரும்போது ஒரு பொய் தேவைப்படுகிறது: இது இதயத்துக்கான பயிற்சி. வீட்டுக்காரருக்கு இதயத்தில் கோளாறு இருக்கிறது. அதனால் அவர் தானும் சேர்ந்துகொள்ள விரும்புகிறார்.

ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் "அதனால்" அல்லது "ஆனால்" வருகிறதா என்று பாருங்கள். "அப்புறம்" வந்தால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது; அங்கே ஒரு தனிச் சம்பவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு சிரிப்பு வந்தாலும் அதைப் பிரித்து எடுத்து வேறு சிறுகதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தற்செயலைப் பற்றி ஒன்று. நாயகனைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயல் வரலாம். விடுவிக்க வரக் கூடாது. தொலைந்த கோப்பு கடைசி நிமிடத்தில் தானே கிடைத்துவிட்டால், அதுவரை உங்களோடு வந்த வாசகரை ஏமாற்றிவிட்டீர்கள்.

நான்காம் படி: மயங்காத ஒருவர்

எல்லாரும் மயங்கும் வசீகரம் சீக்கிரம் சலித்துவிடும். அவனிடம் மயங்காத ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். என் திட்டத்தில் அது அலுவலகத்தின் மூத்த கணக்காளர், ஐம்பது வயதைத் தாண்டியவர். நேர்காணல் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த அவர் மட்டும் கவனித்தார்: "தெரியுமா?" என்ற கேள்விக்கு "பண்ணிடலாம்" என்பது பதில் ஆகாது.

அவரை வில்லியாக்காதீர்கள். பையன் என்னவாக முடியும் என்று மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்ப்பவர் அவர். நாவலின் முதுகெலும்பே இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாறும் தூரம்தான்.

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஆசை கொடுங்கள், விளையாட்டாக இல்லாத ஆசை. மேசைக்காரனுக்கு, நாற்பது வயதில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு, இரவில் பயமில்லாமல் தூங்க வேண்டும். டிரம்ஸ் முன்னால் உட்காரும் அந்த மனிதர் தான் வேடிக்கையாக இருப்பதை அறிய மாட்டார். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. தான் சிரிப்பு மூட்டுகிறோம் என்று பாத்திரத்துக்குத் தெரிந்த நொடியில் சிரிப்பு போய்விடும். கண்ணடித்துக்கொண்டு பேசும் பாத்திரங்களை இரக்கமில்லாமல் வெட்டுங்கள்.

ஐந்தாம் படி: யார் சொல்கிறார்கள்?

அவனே சொல்வதா, வெளியிலிருந்து ஒருவர் சொல்வதா? இரண்டுக்கும் நீண்ட மரபு உண்டு. 1554-இல் ஸ்பானிய மொழியில் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த லாசரில்லோ தே தோர்மெஸ், ஒரு பையன் எஜமானன் மாற்றி எஜமானனிடம் வேலை பார்த்துப் பிழைத்த கதையை அவன் வாயாலேயே சொல்கிறது. 1749-இல் ஹென்றி ஃபீல்டிங் எழுதிய டாம் ஜோன்ஸ் நேரெதிர். அதன் பதினெட்டுப் பகுதிகளில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஆசிரியரே முன்னால் வந்து வாசகரோடு பேசிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும், 1879-இல் அச்சான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமும் நாயகனே தன் கதையைச் சொல்வதுதான். சிரிப்பும் அதில் நிறைய.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு என் சிபாரிசு: வயதான அவன், இளைய அவனைப் பற்றிச் சொல்லட்டும். இரண்டு வயதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் சிரிப்பு தானாக விழும், எள்ளலாகவும் மாறாது. ஒருவர் தன் இருபத்திரண்டு வயதைப் பார்த்துச் சிரிக்கும்போது அதில் எப்போதும் கொஞ்சம் பிரியம் இருக்கும். ஆனால் ஓர் ஆபத்து. முதல் பக்கத்திலிருந்தே "அப்போது எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். முழு நாவலிலும் இரண்டு முறைக்கு மேல் அந்த வாக்கியம் வேண்டாம்.

ஆறாம் படி: தமிழ் தரும் கருவிகள்

நகைச்சுவைக்கு நம் மொழி வைத்திருக்கும் வசதிகளை நாமே பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

முதலாவது, எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி. "உடல்நலக் குறைவு காரணமாக இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறவனே அடுத்த வரியில் தொலைபேசியில் "மச்சான், தலையே தூக்க முடியலடா" என்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும், விளக்க வேண்டியதில்லை. நடை எழுத்துத் தமிழில், உரையாடல் பேச்சுத் தமிழில் என்ற ஒழுங்கைக் கடைசிவரை காப்பாற்றுங்கள். குழப்பினால் இந்த இடைவெளி மங்கிவிடும்.

இரண்டாவது, முறைச்சொற்கள். வசீகரமான பையன் யாரையும் சும்மா விடமாட்டான். பார்த்த மாத்திரத்தில் எல்லாரையும் உறவாக்கிவிடுவான். முதல் நாளே மூத்த கணக்காளரை "அக்கா" என்கிறான். "மேடம்னு கூப்பிடுங்க" என்கிறார் அவர், தலை நிமிராமல். அந்த "ங்க"வில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. அதன் பிறகு இருபது அத்தியாயம் அவன் "மேடம்", அவர் "நீங்க". என்றோ ஒரு நாள் அவர் வாயிலிருந்து "தம்பி, உட்காரு" என்று வரும்போது, ஒரு பக்கம் எழுதி உணர்த்த வேண்டியதை இரண்டு சொல் முடித்துவிடும். நீ, நீங்க, டா, ங்க எங்கே மாறுகின்றன என்று ஒரு தனித் தாளில் குறித்து வையுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

மூன்றாவது, வாக்கியத்தின் கடைசி இடம். சிரிப்பை வெடிக்கவைக்கும் சொல் கடைசியில் வர வேண்டும். தமிழில் அந்த இடத்தில் வழக்கமாக வினைச்சொல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"அவன் அவசரத்தில் வீட்டுக்காரரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போய்விட்டான்."

தகவல் வந்துவிட்டது, சிரிப்பு வரவில்லை. "கண்ணாடி" நடுவில் புதைந்து கிடக்கிறது. வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்:

"சட்டை தேய்த்தாகிவிட்டது. தலை வாரியாகிவிட்டது. சான்றிதழ்கள் வரிசைப்படி கோப்பில் இருந்தன. அறைக்குள் நுழைந்தபோது எதிரே இருந்த மூன்று பேரும் புகையாகத் தெரிந்தார்கள். அவன் மூக்கின் மேல் இருந்தது வீட்டுக்காரரின் கண்ணாடி."

"இருந்தது", "வந்தது", "மறந்தது" என்று வினையை முன்னால் கொண்டுவந்து பெயரைக் கடைசியில் நிறுத்துவது நாம் பேச்சில் தினமும் செய்வதுதான். எழுதும்போது மறந்துவிடுகிறோம். அதே நேரம் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், வித்தை தெரிந்துவிடும்.

ஏழாம் படி: ஒரு காட்சியை இரண்டு முறை எழுதுதல்

வீட்டுக்காரர் படியேறி வரும் காட்சி. முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி வரும்:

"என்ன சத்தம் அது?" என்று வீட்டுக்காரர் கோபமாகக் கேட்டார். அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு சமாளித்துக்கொண்டு, "இது இதயத்துக்கான பயிற்சி" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான். அவரும் அதை அப்படியே நம்பிவிட்டார்.

நான்கு வரியிலும் ஆசிரியர் நின்றுகொண்டு நமக்குச் சொல்கிறார். நாம் எதையும் கண்டுபிடிக்க விடவில்லை. இப்போது:

"என்ன சத்தம் அது?"

"எந்தச் சத்தம், ஐயா?"

"இப்ப நின்னுச்சே, அது."

"அதுவா. அது இதயத்துக்குங்க ஐயா."

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டின் கைப்பிடியில் இருந்த கை மெதுவாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் மாத்திரை அட்டை இருந்தது.

"எவ்வளவு நேரம் பண்ணணும்?"

"காலையில அரை மணி நேரம்."

"எனக்கு வருமா?"

அவன் யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"பண்ணிடலாம் ஐயா."

இங்கே யாரும் கோபமாகவோ திருதிருவென்றோ எதையும் செய்யவில்லை. அந்த மாத்திரை அட்டைதான் காட்சியின் உயிர். அதைப் பார்க்கும்போது வாசகர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கொஞ்சம் கலங்குவார். பின்னால் வரப்போகிற துயரத்துக்கான விதையை இப்படிச் சிரிப்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும்.

எட்டாம் படி: சிரிப்பு நிற்கும் இடம்

நாவலின் முக்கால் பங்கு முடியும் இடத்தில் ஒரு அத்தியாயத்தில் சிரிப்பு முழுதாக நிற்கட்டும். வீட்டுக்காரர், டிரம்ஸ் பயிற்சி இருக்கிறதே என்று மருத்துவரிடம் போவதையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலை மேளச் சத்தம் கேட்கவில்லை.

அந்த அத்தியாயத்தில் ஒரு நகைச்சுவை வாக்கியம்கூட வேண்டாம். பதற்றத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஜோக் அடிப்பார்கள், பாரம் தாங்காமல். தாங்குங்கள். நம் பையன் மருத்துவமனை நடைகூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவர் மகள் வந்து, "அப்பா ஏன் மாத்திரையை நிறுத்தினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறாள். வசீகரம் எதற்கும் உதவாத ஒரு கேள்வி. அவன் உண்மையைச் சொல்கிறான். யாரும் அவனை மன்னிக்கவில்லை. வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்ளட்டும், சாவு வந்தால் நாவல் வேறு வகையாகிவிடும்.

முடிவில் அவன் திருந்தி உத்தமனாக வேண்டியதில்லை. முதல் அத்தியாயத்தில் வந்த நிலைமையையே கடைசியில் திரும்பக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பிய மனிதர் கேட்கிறார்: "மறுபடி வாசிக்கலாமா?" வாசகர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். பையன் வாயைத் திறக்கிறான். "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன் ஐயா." மாற்றம் அவ்வளவு சின்னதாக இருந்தால் போதும்.

ஒன்பதாம் படி: கணக்கு

60,000 சொற்கள் முதல் நாவலுக்கு நல்ல அளவு. அத்தியாயத்துக்கு 2,500 சொல் என்றால் 24 அத்தியாயம். ஆறு மாதக் கதைக்கு ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்று. நாளுக்கு 500 சொல் எழுதினால் 120 நாள். எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் படித்துத் திருத்தாதீர்கள். நகைச்சுவை, இரண்டாவது முறை படிக்கும்போது எழுதியவருக்கே சப்பென்று இருக்கும். அந்தச் சலிப்பை நம்பி நல்ல பகுதியை அழித்துவிடுவீர்கள்.

பத்தாம் படி: திருத்தம்

முடித்ததும் குறைந்தது ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு தாளில் அச்செடுத்து உரக்கப் படியுங்கள். வாய் தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளம்.

"அனைவரும் சிரித்தனர்", "அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை" போன்ற வரிகளைத் தேடித் தேடி எடுங்கள். சிரிக்க வேண்டியவர் வெளியே இருக்கிறார். ஆச்சரியக்குறிகளையும் அப்படியே. ஒரே பத்தியில் இரண்டு நகைச்சுவை இருந்தால் பலவீனமானதை வெட்டுங்கள். முதல் சிரிப்பு இரண்டாவதை விழுங்கிவிடும். பலவீனமானது எது என்று தெரியவில்லையென்றால், உங்களுக்கு எழுதும்போது அதிகப் பெருமையாக இருந்தது எதுவோ அது.

கைப்பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள், உங்களை நன்றாகத் தெரியாத இரண்டு பேர். கருத்துக் கேட்காதீர்கள். பென்சில் கொடுத்து, சிரித்த இடத்தில் ஒரு கோடு, படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோன இடத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது கோடுகளை எண்ண வேண்டாம். வட்டம் போட்ட பக்கத்தை எடுத்து, அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களில் பையன் யாரிடமாவது "பண்ணிடலாம்" என்று சொன்னானா என்று பாருங்கள். என் கைப்பிரதியில் வட்டம் விழுந்த ஏழு இடங்களில் ஆறில் அவன் யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்காமல் சும்மா நின்றுகொண்டிருந்தான்.